நன்றியும் நீதியும்

ஒருவர் வீட்டில் ஒரு வேளை உணவருந்தியவன், பிற்பாடு அவருக்கு எதிராக நியாயம் சொல்ல முடியுமா? முடியுமென்றால் அவன் எப்படிப்பட்ட மனிதன்? நெஞ்சில் ஈரமற்றவனா, அல்லது நம்மையெல்லாம்விட உயர்ந்தவனா? இக்கேள்வி என் மனத்தில் புகுந்து பல நாட்களாகி விட்டன. அதைப் புகுத்தியது ஒரு கொரிய நாட்டுத் தொலைக்காட்சி நாடகம் என்றால் நம் அன்பர்களில் சிலர் சிரிக்கக் கூடும். கிட்டங்கிக் கணக்கும் சரக்கு விலையும் பேச வேண்டிய மனிதர், கடையடைத்த பின் பேத்தியுடன் உட்கார்ந்து துப்பறியும் நாடகம் பார்க்கிறாரே என்று எண்ணுவார்கள். எண்ணட்டும். வியாபாரிகளாகிய நமக்கு அந்நாடகத்தில் ஒரு சமாசாரம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் இருக்க என்னால் இயலவில்லை.

நாடகத்தின் கொரியப் பெயருக்கு ‘இரகசியக் காடு’ என்று பொருள். வெளிநாடுகளில் ‘ஸ்ட்ரேஞ்சர்’ என்ற பெயரில் அது காட்டப்பட்டது. 2017 ஜூன் மாதம் தொடங்கி ஜூலை இறுதி வரை, 16 பகுதிகளாக டிவிஎன் நிலையத்தில் வெளிவந்தது. எழுதியவர் லீ சூ-யோன் என்னும் பெண்மணி. அவருக்கு அதுவே முதல் நாடகம் என்பது ஆச்சரியம். மறு ஆண்டு கொரியாவின் பேக்சாங் விருதுகளில் கதாசிரியருக்கும், கதாநாயகனாக நடித்த சோ சுங்-வூவுக்கும் பரிசு கிடைத்தது. பரிசு கிடைப்பதெல்லாம் நல்ல சரக்கு என்று நான் சொல்ல மாட்டேன். இது நல்ல சரக்கு.

கதையில் இருவர் பிரதானம். ஒருவன் ஹ்வாங் சி-மோக், அரசாங்கப் பிராசிக்யூட்டர். அந்நாட்டில் அக்காலத்தில் பிராசிக்யூட்டர் என்பவர் நியாயஸ்தலத்தில் வாதாடுபவர் மாத்திரமல்லர். குற்றத்தை விசாரிப்பதும், போலீசாரை ஏவுவதும், வழக்குத் தொடுப்பதா விடுவதா என்று தீர்மானிப்பதும் அவர் கையில் இருந்தன. ஆகவே அவர் மனம் ஒரு பக்கம் சாய்ந்தால் வழக்கே சாய்ந்து விடும். போலீசார் தாமே விசாரித்து ஒரு வழக்கை முடித்துக் கொள்ளலாம் என்ற சட்டம் 2021 ஜனவரியில்தான் அங்கு அமலுக்கு வந்தது. அதைப் பற்றிய சண்டையே 2020-ல் வந்த இரண்டாம் தொடருக்குப் பொருளாக அமைந்தது. இனி முதல் தொடரை மட்டும் பேசுவோம்.

இந்தச் சி-மோக்குக்குச் சிறு வயதில் ஒரு வியாதி. சப்தங்கள் அவன் மூளையைத் துளைத்தன; வலி தாங்காமல் மூர்க்கமாக நடந்து கொண்டான். வைத்தியர்கள் மூளையில் சத்திர சிகிச்சை செய்தார்கள். வலி தணிந்தது, அதோடு உணர்ச்சிகளும் போயின. கோபமில்லை, இரக்கமில்லை, வெட்கமில்லை, பயமில்லை. யாராவது விருந்துக்கு அழைத்தால் மகிழ்ச்சியுமில்லை. அழைக்காவிட்டால் வருத்தமுமில்லை. அலுவலகத்தில் அவனுக்குச் சிநேகிதர் எவரும் கிடையாது.

மற்றவள் ஹான் யோ-ஜின், போலீஸ் இன்ஸ்பெக்டர். பே தூ-னா என்ற நடிகை அவளாக வருகிறார். இவள் நேர் மாறானவள். எதிரில் இருப்பவர் முகம் வாடினால் இவள் முகமும் வாடும். வழக்குக் குறிப்பு எழுத வேண்டிய தாளில் மனிதர்களின் முகங்களைச் சித்திரமாக வரைந்து வைப்பாள். இவ்விருவரும் சேர்ந்து ஒரு கொலையைத் துப்பறிய வேண்டியதாகிறது. எண்ணெயும் தண்ணீரும் ஒரே பாத்திரத்தில் ஊற்றிய கதைதான்.

கொலையுண்டவன் யார் தெரியுமா? ஒரு வியாபாரி! பார்க் மு-சங் என்று பெயர். பெரிய மனிதர்களுக்கு விருந்து வைப்பதும், பரிசு தருவதும், கேட்காமலே அவர்கள் தேவைகளைப் பூர்த்தி செய்வதும் இவன் தொழிலின் பாதி. பிராசிக்யூட்டர்களே இவன் மேசையில் உண்டவர்கள். கொரியாவில் இப்படிப்பட்டவனை ‘ஸ்பான்சர்’ என்றே அழைக்கிறார்கள். பிறகு வியாபாரம் நொடித்தது. உண்டவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை. தான் கொடுத்தவற்றையெல்லாம் அவன் வெளியில் சொல்லி விடக் கூடும் என்ற நிலை வந்தபோது, ஒரு நாள் தன் வீட்டில் குத்துண்டு கிடந்தான்.

அன்று அவ்வீட்டுக்குத் தொலைக்காட்சிக் கம்பி பழுது பார்க்க வந்த ஓர் ஏழைத் தொழிலாளி பிடிபடுகிறான். முன்பே சிறை சென்று வந்தவன். வீட்டில் கிடந்த நகையையும் எடுத்தவன். வேறென்ன வேண்டும்? தண்டனை விதிக்கப்படுகிறது. தான் கொலை செய்யவில்லை என்று எழுதி வைத்து விட்டு, அவன் சிறையில் தற்கொலை செய்து கொள்கிறான். உண்மைக் கொலையாளி வேறு ஒருவன் என்று பிறகு தெரிகிறது. சி-மோக் தொலைக்காட்சியில் தோன்றி, இரண்டு மாதத் தவணையில் குற்றவாளியைக் கண்டுபிடிப்பேன் என்று நாட்டு மக்களிடம் சொல்கிறான். அங்கிருந்து கதை காட்டுக்குள் நுழைகிறது. யார் யார் அந்த வியாபாரியின் கையால் உண்டார்கள் என்பதே காடு.

நிற்க. இங்கே நான் கதாசிரியருடன் சண்டையிட்டேன். மனத்தளவில்தான்!

அலுவலகத்தில் அத்தனை பேருக்கும் அந்த வியாபாரியிடம் ஏதோ ஒரு பற்று இருக்கிறது. பற்றில்லாதவன் ஒருவன்தான், அவனோ உணர்ச்சி அறுத்தெடுக்கப்பட்டவன். அப்படியானால் இந்த அம்மணி நமக்குச் சொல்வது என்ன? நேர்மையாக இருக்க வேண்டுமானால் மனிதன் பாதி மரமாக வேண்டும் என்றா? அதிலும் இன்னொரு குறை. தாகமே எடுக்காதவன் பகல் முழுதும் தண்ணீர் குடிக்காமல் இருந்தால் அதற்குப் பெயர் நோன்பா? ஆசையும் நன்றியும் தாட்சண்யமும் ஒருவனுக்கு இருந்து, அவற்றை அவன் வென்றால் அல்லவா பெருமை? சி-மோக்கை நேர்மையானவன் என்று புகழ்வது, பூட்டிய பெட்டகத்தை யோக்கியன் என்று புகழ்வது போலாகும். இதை என் பேத்தியிடம் சொன்னேன். “நன்னா, முழுசாப் பாத்துட்டுப் பேசுங்க,” என்று அவள் என் வாயை அடைத்து விட்டாள்.

முழுவதும் பார்த்தேன். என் சண்டை தீர்ந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் வேறு இடத்துக்கு நகர்ந்து விட்டது.

லஞ்சம் எந்த வாசல் வழியாக ஒரு மனிதனுக்குள் நுழைகிறது? பேராசை என்ற வாசல் வழியாக என்றே நாமெல்லாரும் எண்ணுகிறோம். பேராசைக்காரர் சிலர் உண்டு. அந்நாடகத்தில் வரும் சோ தோங்-ஜே என்ற பிராசிக்யூட்டர் அந்த இனம். எங்கே காற்றடித்தாலும் பாய் விரிப்பவன். ஆனால் பெரும்பாலோர் விஷயத்தில் அது நுழைவது நல்ல குணங்களின் வாசல் வழியாக. ஒருவன் அன்போடு அழைக்கிறான். மறுத்தால் அவன் மனம் நோகும். ஒருவன் நம் குழந்தைக்குக் காய்ச்சல் என்றறிந்து ஓடி வருகிறான். அவனை மறப்பது நன்றி கெட்ட செயல். ‘உப்பிட்டவரை உள்ளளவும் நினை’ என்று நம் தாய்மார்கள் சோற்றோடு சேர்த்து ஊட்டி வளர்த்திருக்கிறார்கள். அதிகாரி பைலைத் திறக்கும்போது அவன் காதில் ஒலிப்பது பணத்தின் ஓசையன்று, தாயின் அந்த வார்த்தை. அவன் தவறு செய்யும்போது, தன்னை ஒரு நன்றியுள்ள மனிதன் என்றே எண்ணிக் கொண்டு செய்கிறான்!

அந்நாடகத்தில் மேல்நிலைப் பிராசிக்யூட்டராக வரும் லீ சாங்-ஜுன் இதை நன்கறிந்தவன். ஒரு பெரும் வர்த்தக நிறுவனத்தின் முதலாளிக்கு மருமகன். படிப்படியாக ஏறி அதிபர் மாளிகைப் பதவி வரைக்கும் போகிறான். அவன் விட்டுச் செல்லும் வாக்குமூலத்தில், எல்லாமே ஒரு வேளைச் சாப்பாட்டில்தான் ஆரம்பமாகிறது என்ற கருத்து வருகிறது. முதல் நாள் அது விருந்துகூட அல்ல. அன்று காசு கொடுத்தவர் மற்றவர், அவ்வளவுதான். அடுத்த முறை நாம் கொடுத்தால் சரியாகி விடும். ஆனால் அடுத்த முறையும் அவரே கொடுத்து விடுகிறார். ஐயா, இதைக் கேட்டபோது என் முதுகில் சில்லென்றது. ஏனென்றால் அந்த ‘மற்றவர்’ நாம்!

இது வெறும் கற்பனை என்று ஒதுக்கவும் வழியில்லை. 2010-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், பூசான் வட்டாரத்தைச் சேர்ந்த ஒரு கட்டடக் குத்தகைக்காரர், 25 ஆண்டுகளாகத் தாம் பிராசிக்யூட்டர்கள் பலருக்கு விருந்தும் பணமும் அளித்து வந்ததாகத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் சொன்னார். நாடு கொந்தளித்தது. அதை விசாரிக்கவே தனிப் பிராசிக்யூட்டர் நியமிக்கப்பட்டார். மறு ஆண்டு இன்னொரு விவகாரம். ஒரு வழக்கறிஞரிடமிருந்து பென்ஸ் கார் பெற்றதாக ஒரு பெண் பிராசிக்யூட்டர்மீது வழக்கு. கார் வந்தது உண்மை. ஆனால் அது காதலின் பொருட்டு வந்ததேயன்றி, வழக்கு முடித்துக் கொடுத்ததற்குக் கூலியாக வந்ததென்று நிரூபணமாகவில்லை என விடுதலை ஆயிற்று. 2015 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். இந்தக் காரியத்துக்காக இந்தப் பொருள் என்று இரண்டையும் கயிறு போட்டுக் கட்டிக் காட்டினால்தான் அன்று குற்றம். அன்பு என்று ஒருவர் சொல்லி விட்டால், எந்த நீதிபதி நெஞ்சைப் பிளந்து பார்ப்பார்?

அதே 2015 மார்ச்சில் கொரியப் பாராளுமன்றம் ஒரு புதிய சட்டத்தை நிறைவேற்றியது. அதற்கு மூல யோசனை அளித்தவர் கிம் யங்-ரான் என்ற அம்மையார், உச்ச நீதிமன்றத்தின் முன்னாள் நீதிபதி. ஜனங்கள் அவர் பெயராலேயே அச்சட்டத்தை வழங்குகிறார்கள். 2016 செப்டம்பர் 28-ஆம் தேதி அது அமலுக்கு வந்தது. உத்தியோகஸ்தர்கள் மட்டுமின்றிப் பத்திரிகையாளர்களும் ஆசிரியர்களும் அதில் அடங்குவர். ஒரே தடவையில் 10 லட்சம் வோனுக்கு மேல் வாங்கினால், எதற்காக வாங்கினாய் என்ற கேள்வியே கிடையாது, குற்றம் குற்றமே. சிறிய அளவுகளுக்கும் வரம்பு கட்டினார்கள். சாப்பாடு என்றால் 30,000 வோன் வரை, அன்றைய மாற்று விலையில் நம் பணம் 35 வெள்ளிக்குச் சற்று மேல். அன்பளிப்புப் பொருள் 50,000. கலியாணம், துக்கம் ஆகியவற்றுக்கு 100,000. இந்த அளவுகள் பிறகு சில முறை மாறின. சாப்பாட்டு வரம்பு 2024-ல் 50,000 ஆயிற்று. சாப்பாட்டுக் கடைக்காரர்கள் 30,000 வோனுக்குள் அடங்கும் சாப்பாட்டுக்கு அந்த அம்மையாரின் பெயரையே வைத்து விற்றார்களாம். வியாபாரி எங்கும் வியாபாரியே! மாட்டிறைச்சி உற்பத்தியாளர்களும் பூக்கடைக்காரர்களும் தங்கள் பிழைப்பு போயிற்றென்று முறையிட்டார்கள்.

அந்தச் சட்டத்தின் கீழ் முதன் முதல் அபராதம் விதிக்கப்பட்டவர் யார் என்று கேளுங்கள். பெரிய முதலாளியா? மந்திரியா? இல்லை. சுன்சோன் என்ற ஊரில், போலீசில் மோசடிப் புகார் கொடுத்திருந்த ஒருவர். தம் வசதிக்கேற்ப விசாரணை நேரத்தை மாற்றித் தந்த போலீஸ் அதிகாரிக்கு நன்றி தெரிவிக்க, 45,000 வோன் பெறுமானமுள்ள அரிசிப் பலகாரப் பெட்டி ஒன்றை அனுப்பினார். அதிகாரி உடனே திருப்பி அனுப்பி, மேலிடத்துக்கும் தெரிவித்து விட்டார். 2016 டிசம்பரில் நியாயஸ்தலம் கொடுத்தவருக்கு விதித்த அபராதம் 90,000 வோன். பலகாரத்தின் விலையைப் போல இரு மடங்கு!

இதை வாசித்ததும் எனக்குக் கோபம் வந்தது. அரிசிப் பலகாரத்துக்கா தண்டனை? நம்மில் யார்தான் கொடுக்கவில்லை? நோன்புப் பெருநாளுக்கு ஒரு சட்டி பிரியாணி, தீபாவளிக்கு ஒரு துணிப் பொட்டலம், சீனப் புத்தாண்டுக்கு ஒரு கூடை ஆரஞ்சு. இவற்றைக் கொடுக்காதவன் மனிதனா என்றுதானே நாம் கேட்டு வந்திருக்கிறோம்? பிறகு ஆற அமர யோசித்தேன். அந்த வழக்கில் இன்னொருவர் இருக்கிறாரே, அவரை யாராவது நினைத்தார்களா? யார்மீது மோசடிப் புகார் கொடுக்கப்பட்டதோ அவர். அவர் குற்றவாளியாக இருக்கலாம், நிரபராதியாகவும் இருக்கலாம். விசாரிக்கப் போகும் அதிகாரியின் மேசைமேல் எதிர்க் கட்சிக்காரரின் பலகாரப் பெட்டி இருக்கிறது. அதைப் பார்க்கும் அவர் நெஞ்சு எப்படி இருக்கும்?

இவ்விடத்தில் நாமெல்லாரும் அறிந்த ஒரு சம்பவத்தைக் குறிப்பிடாமல் இருக்க முடியாது. ஜகாத் வசூலிக்க அனுப்பப்பட்ட ஒருவர் திரும்பி வந்து, இது உங்களுக்குரியது, இது எனக்கு அன்பளிப்பாக வந்தது என்று இரண்டாகப் பிரித்து வைத்தார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மிம்பரில் ஏறி, அவர் தம் தாய் தந்தையர் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு அவரைத் தேடி வந்திருக்குமா என்று கேட்டார்கள். கொடுத்தவர் மனத்தில் என்ன இருந்தது, வாங்கியவர் மனத்தில் என்ன இருந்தது என்று அங்கே யாரும் தேடவில்லை. நாற்காலியை எடுத்து விட்டுப் பார், பலகாரப் பெட்டி வருகிறதா என்று பார், அவ்வளவே. 2016-ல் கொரியர் எழுதிய சட்டத்துக்கும் அடியில் இருப்பது இந்தக் கேள்விதான் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம். நாம் வியாபாரம் செய்யும் சிங்கப்பூரிலும் 1960-ஆம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டம், ‘எங்கள் தொழிலில் இது வழக்கம்’ என்று சாட்சியம் சொல்ல இடம் தருவதில்லை. கொடுப்பவனுக்கும் வாங்குபவனுக்கும் ஒரே தண்டனைதான். இதைத் தெரியாதவர் நம்மில் இல்லை. ஆனால் சட்டத்துக்குப் பயந்து கை மடக்குவது வேறு, கொடுப்பதில் என்ன கேடு என்று தெரிந்து கை மடக்குவது வேறு.

என்ன கேடு? பொதுவாகச் சொல்லப்படுவது மூன்றாமவனுக்கு வரும் கேடு. நாடகத்தில் அது கண்ணெதிரே காட்டப்படுகிறது. யூன் செ-வோன் என்று பிராசிக்யூட்டர் அலுவலகத்தில் அடக்கமாக வேலை பார்க்கும் ஒருவன். பாலர் பள்ளிக் குழந்தைகள் சென்ற பேருந்து கவிழ்ந்து அவனது சின்ன மகன் மௌத்தாகிறான். அந்தப் பேருந்து வியாபாரத்தின் பின்னால் இருப்பது பார்க் மு-சங்கின் லஞ்சம். எங்கோ ஒரு விருந்தில் யாரோ சாப்பிட்ட சாப்பாட்டுக்கு, எங்கோ ஒரு சாலையில் ஒரு குழந்தை விலை கொடுக்கிறது. கொலையாளி அந்தத் தகப்பன்தான். அவனுக்குப் பின்னால் நின்று காய் நகர்த்தியவனோ, விருந்துகளின் முதல் நாளை நன்கறிந்த அந்த லீ சாங்-ஜுன். ஊழல் வெளியில் வர வேண்டும் என்பதற்காக இரத்தம் சிந்த வைத்து, ஆதாரங்களையெல்லாம் சி-மோக்கிடம் ஒப்படைத்து விட்டு, கட்டடத்திலிருந்து குதித்து உயிர் விடுகிறான்.

பார்ப்பவர்களுக்கு அவன்மேல் ஒரு மரியாதையே உண்டாகி விடுகிறது. எனக்கும் உண்டாயிற்று, மறைப்பானேன்? மகனை இழந்த தகப்பன்மேல் கண்ணீரும் வந்தது. சி-மோக்குக்கு மட்டும் வரவில்லை. இறந்த மேலதிகாரியை வீரன் என்று ஒப்புக்கொள்ள அவன் தயாராக இல்லை. கொலை கொலைதான். அந்தக் கணத்தில்தான் அவனை ஏன் இப்படிப் படைத்தார்கள் என்பது எனக்கு ஓரளவு விளங்கியது. விருந்துக்கு இளகும் மனம்தான் துக்கத்துக்கும் இளகுகிறது. ஒன்றில் குற்றவாளியை விடுகிறோம். மற்றொன்றில் கொலைகாரனைக் கொண்டாடுகிறோம். கோபத்தில் இருக்கும்போது தீர்ப்பளிக்க வேண்டாமென்று காதிகளுக்கு நபிகள் நாயகம் (ஸல்) விதித்ததும் இந்த அபாயத்தை அறிந்துதானே. ஆனால் ஒன்று கவனியுங்கள். கோபமே வராத மனிதனைத் தேடிப் பிடித்துக் காதியாக்குங்கள் என்று அவர்கள் சொல்லவில்லை.

கோபமும் இரக்கமும் உள்ள மனிதராக அந்த நாடகத்தில் நிற்பவள் யோ-ஜின். கொலையுண்ட வியாபாரிக்கு ஒரு வயதான தாய் உண்டு. மகன் எப்படிச் சம்பாதித்தான் என்பதை அந்தக் கிழவி என்ன கண்டாள்? கொலை நடந்த வீட்டில் அவள் தனியாக இருக்க வேண்டாமென்று யோ-ஜின் தன் சிறு வீட்டுக்கே அழைத்துப் போய் வைத்துக் கொள்கிறாள். வழக்குக்கு இதனால் ஒரு காசு பிரயோஜனமில்லை. அந்த வியாபாரியின் மகன்மேல் சந்தேகம் வந்து, அவளது சகாக்களே அவனை அடித்து ஒப்புக்கொள்ளச் செய்ய முயலும்போது, தினமும் கூட உட்கார்ந்து உண்ணும் அந்தச் சகாக்களை எதிர்த்து நிற்பவளும் அவள்தான். இதுதான் நான் கேட்ட நோன்பு! தாகம் இருக்கிறது; தண்ணீரும் எதிரே இருக்கிறது; குடிக்கவில்லை. சகாக்களிடம் பாசமில்லாமலா எதிர்த்தாள்? எதிர்த்த பிறகு அவர்கள் நடுவில் தனித்து நிற்கும்போது அவள் முகத்தைப் பாருங்கள், தெரியும்.

சி-மோக்குக்குச் சட்டம் எது என்று தெரியும். அந்தச் சட்டம் யாருக்காக என்று காட்டிக் கொடுப்பவள் அவள். அவள் இல்லாவிட்டால் அவன் ஒரு நல்ல தராசு. தராசு தானாக எதையும் நிறுப்பதில்லை. பதினாறு பகுதிகள் போன பின் அவன் உதட்டோரத்தில் ஒரு சிறு சிரிப்பு வருகிறது. அதற்காகவே அத்தனை நேரம் உட்கார்ந்திருந்தது போல என் பேத்தி கை தட்டினாள்.

இனி நம் விஷயத்துக்கு வருகிறேன். மூன்றாமவனுக்கு வரும் கேட்டைச் சொன்னேன். வாங்கும் அதிகாரிக்கு வரும் கேட்டைப் பற்றி நாம் நினைப்பதே இல்லை. அவருக்கு நல்லது செய்ததாகவே எண்ணுகிறோம். ஆனால் நாம் செய்வது என்ன? யோ-ஜினைப் போல ஈரமும் நேர்மையும் ஏககாலத்தில் உள்ளவராக அவர் இருந்திருக்கலாம். நம் பொட்டலம் போய்ச் சேர்ந்த நிமிஷத்தில் அந்த வழி அடைபட்டது. இனி அவர் நன்றி கெட்டவராக வேண்டும், இல்லையேல் நியாயம் கெட்டவராக வேண்டும். பொட்டலத்தைத் திருப்பி அனுப்பினால், ‘மனுஷனா இவன், கல்’ என்கிறோம். அவர் நெஞ்சைக் கல்லாக்கிக் கொள்ள வேண்டிய அவசியத்தை உண்டாக்கியதும் நாமே, கல் என்று ஏசுவதும் நாமே.

இதை எழுதும்போது என் அத்தா நினைவுக்கு வருகிறார். எங்கள் துணிக்கடைக்கு அரசாங்க இலாகா ஒன்றிலிருந்து அடிக்கடி சோதனை பார்க்க வரும் அதிகாரி ஒருவர் இருந்தார். தமிழர், மெதுவாகப் பேசுவார், எதிலும் அவசரமில்லை. ஒரு தீபாவளிக்கு முந்தின நாள் அத்தா ஒரு சேலையும் வேட்டியும் எடுத்து, தம் கையாலேயே மடித்துக் கட்டி, கடைப் பையனிடம் கொடுத்தனுப்பினார். அந்த வருஷம் எங்கள் கடையில் எந்தக் குறையும் இல்லை, எந்தச் சலுகையும் தேவைப்படவில்லை. உண்மையாகவே பிரியத்தில் அனுப்பியதுதான். கட்டுப் பிரிக்காமலே பொட்டலம் திரும்பி வந்தது. அத்தா அன்று பகல் சாப்பிடவில்லை. அதன் பிறகு அவர் வரும்போதெல்லாம் அத்தா எழுந்து நிற்பார், புத்தகங்களை எடுத்துக் காட்டுவார், அதற்கு மேல் ஒரு வார்த்தை பேச மாட்டார். “உப்பில்லாத மனுஷன்,” என்று வீட்டில் சொல்வார். நாங்களும் அப்படியே நம்பி வளர்ந்தோம். எங்கள் கடையிலிருந்து நாலு வாசல் தள்ளி இன்னொரு துணிக்கடை இருந்தது, பொட்டலம் அனுப்ப வசதியில்லாத கடை. அந்தக் கடைக்காரர் அந்த அதிகாரியைப் பற்றி என்ன எண்ணினார் என்று நாங்கள் ஒரு நாளும் கேட்டதில்லை.

வருஷங்கள் ஓடின. அவர் பென்ஷன் வாங்கி விட்டார் என்று கேள்விப்பட்டோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மகளின் கலியாணத்துக்குத் துணி எடுக்கவென்று குடும்பத்தோடு எங்கள் கடைக்கு வந்தார். அத்தாவுக்கு அப்போதே கண் மங்கியிருந்தது. குரலைக் கேட்டுத்தான் அடையாளம் கண்டார். லாச்சியைப் பூட்டி விட்டு எழுந்து வந்தார்.

“ஐயா, வாங்க. இப்பவாச்சும் நம்ம கடையில ஒரு தேத்தண்ணி குடிப்பீங்களா?”

அவர் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். “இப்ப தாராளமாக் குடிப்பேன், பாய். ரெண்டாச் சொல்லுங்க, நீங்களும் கூட உக்காருங்க.”

இருவரும் முக்காலியில் உட்கார்ந்து நெடுநேரம் பேசிக் கொண்டிருந்தார்கள். பிறகு அவர் ஒரு பட்டைப் பிடித்துக் கொண்டு, விலையில் ஐந்து வெள்ளி குறைக்கச் சொல்லிப் பேரம் பேசினார். அத்தா குறைக்கவில்லை.